எனக்கு வருமானம் உண்டு

திண்டிவனம்,
18.1.1987

அன்பு மகன் முருகையனுக்கு,

அம்மா தையல்நாயகி ஆசி சொல்லி எழுதுவது. நீயும் மருமகள் பொன்னியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் வீங்கிய கால் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. எழும்பூரில் ரயில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கியபோது, பொன்னி கொடுத்த குளிர்கோட்டு இன்னும் என் மேலேயே இருந்தது. ரிக்‌ஷாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, காய்ச்சலா?" என்று கேட்டார்.

வீடு நன்றாக இருக்கிறது. முன்பகுதியில் குடியிருக்கும் இருதயமேரியை நீ பார்த்ததில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அம்மா இன்னும் நடவுக்குப் போகிறவள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கியவள் இவள்தான். நான் உங்களோடு இருந்த இரண்டு வருஷமும் வாடகையை என் தபால் ஆபீஸ் கணக்கில் தவறாமல் கட்டியிருக்கிறாள். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் என் பின்கட்டு அறைக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்திருக்கிறாள். பனமலையிலிருந்து வீரம்மாள் பொங்கலுக்கு முதல்நாள் வந்தாள். என் அப்பா எனக்கு எழுதிவைத்த ஒன்றரை ஏக்கரை அவள்தான் குத்தகைக்குப் பயிரிடுகிறாள். இந்த வருஷக் கடலை விளைச்சலில் அரை மூட்டை மல்லாட்டையைக் கூடத்தில் இறக்கிவிட்டு, குத்தகைப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். பென்ஷனும் நிற்காமல் வந்திருக்கிறது.

இதையெல்லாம் எதற்கு வரிசையாகச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். வாடகை, குத்தகை, பென்ஷன் மூன்றும் என் வருமானம். "எனக்கு இந்தியாவில் எந்த வருமானமும் இல்லை, நான் என் மகனை நம்பி இருப்பவள்" என்று டைப் அடித்த தாளைத்தான் விமான நிலையத்தில் என் கைப்பைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாய். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வேறு.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. அமெரிக்காவில் பெற்ற தாயை வைத்துக் காப்பாற்றுகிறவனுக்கு வரியில் ஒரு கழிவு உண்டு. ஆனால் அந்தத் தாய்க்குச் சொந்த வருமானம் ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குமேல் இருந்தால் கழிவு கிடையாது. நிரந்தரமாகத் தங்கும் அட்டை வாங்கிவிட்ட என்னைப் போன்ற ஒருவருக்கு உலகத்தில் எந்த மூலையிலிருந்து பணம் வந்தாலும் அங்கே சொல்லியாக வேண்டும். போன வருஷப் படிவத்தில் எனக்கு வருமானம் இல்லையென்று எழுதி நீ கழிவை வாங்கிவிட்டாய். இந்த வருஷம் உன் கணக்கருக்குச் சந்தேகம் வந்து, அம்மா கையெழுத்து வேண்டும் என்று கேட்கிறார். ஏப்ரல் பதினைந்து கடைசி நாள். இவ்வளவுதானே?

நீ அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாய். வீட்டை விற்றுப் பணத்தைச் சித்தப்பா பெயரில் போட்டுவைப்பது. நிலத்தை வீரம்மாளுக்கே எழுதிவைப்பது. பென்ஷனை நிறுத்திவிடுவது. இந்த மூன்றையும் முடித்துவிட்டால் நான் போடும் கையெழுத்து இனிமேல் பொய்யாக இருக்காது என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பொறுமையாக எனக்குச் சொன்னாய். உன் மனசு பொய்க்குக் கூசுகிறது, அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தாளில் எழுதியது நிஜமாக வேண்டும் என்பதற்காக நிஜத்தை இடித்துத் தள்ளச் சொல்கிறாயே, அது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளிகளில் மதியச் சாப்பாடு ஆரம்பித்த புதிதில், அரிசி அதிகமாக வர வேண்டும் என்று ஒரு தலைமையாசிரியர் இல்லாத பிள்ளைகளின் பெயரை என் வருகைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். மூன்று வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் வராமல் செய்தார். மாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். இல்லாத பிள்ளையை இருப்பதாக எழுத மறுத்தவளிடம் நீ இருக்கிற ஆளை இல்லையென்று எழுதச் சொல்கிறாய்.

ஆனாலும் நீ கேட்டதற்காகக் கஜானா ஆபீசுக்குப் போய் பென்ஷனை நிறுத்த முடியுமா என்று விசாரித்தேன். அங்கே இருந்த குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பென்ஷனை நிறுத்தணும்னா ஒரே ஒரு வழிதான் இருக்குது டீச்சரம்மா. அதுக்கு நீங்க வர வேணாம். உங்க ஊட்லேர்ந்து வேற யாராச்சும் வந்தா போதும்" என்றார். வரிசையில் நின்றிருந்த கிழவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் நீ கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான் என்று தோன்றியது.

கோபித்துக்கொள்ளாதே. நீ மட்டும் செய்யும் தப்பு இல்லை இது. உன் அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் இருந்தபோது ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுத்தார். குடும்பத் தலைவர், கிருஷ்ணசாமி, ரயில்வே. மனைவி, வீட்டு வேலை. ஏங்க, நான் தினமும் காலையில் எங்கே போகிறேன் என்று கேட்டேன். "உன் சம்பளம் வீட்டுச் செலவுக்குத்தானே ஆவுது, அது எப்படி வருமானம் ஆவும்?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று உனக்கே தெரியும். நம் ஆண்களுக்கு அம்மா கையில், பெண்டாட்டி கையில் இருக்கும் பணம் பணமாகவே கண்ணில் படாது. அன்றைக்கு நான் விட்டுவிட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அறுபத்து மூன்று. அடுப்பில் ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட மாட்டேன். உன் படிவத்தில் என் வருமானத்தை எழுது. கழிவு போனால் போகட்டும்.

பிள்ளைகளுக்குக் காது குத்தினது ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெயைச் சூடாக்காமல் தடவச் சொல். எல்லாரும் நீடு வாழ்க.

அம்மா


திண்டிவனம்,
1.3.1987

அன்புள்ள முருகையா,

உன் கடிதம் வந்தது. சுருக்கமாக எழுதியிருந்தாய். அம்மாவுக்குச் சட்டம் புரியவில்லை, சித்தப்பா வந்து பேசுவார் என்று இருந்தது. சித்தப்பா வந்து பேசினார். என்ன நடந்தது என்பதை என் வாயாலேயே கேட்டுவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் உன் சித்தப்பா சுப்பராயலுவின் மோட்டார் சைக்கிள். உள்ளே அரிசி மண்டிக்காரர் ஒருவர் டேப்பைப் பிடித்து முற்றத்தை அளந்துகொண்டிருக்கிறார். இருதயமேரி இராத்திரி டூட்டி முடிந்து வந்து அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாளாம். அவள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் எனக்குக் கேட்டது.

"டீச்சர் உயிரோட கீறாங்க. நீ இன்னா குழி தோண்டப் போற மாதிரி அளந்துகினு நிக்கிற?"

மண்டிக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார். பாவம், அவர்மேல் தப்பில்லை. உன் சித்தப்பா அவரிடம் அச்சாரமே வாங்கிவிட்டார். நீ எழுதிய கடிதத்தைக் காட்டி வாங்கினாராம். என் பிராவிடன்ட் பண்டில் கடன் எடுத்து வாங்கிய மனை, என் பெயரில் இருக்கும் பத்திரம், அச்சாரம் அவர் சட்டைப் பையில்.

அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். என் கொழுந்தனார், காபி இல்லாமல் அனுப்ப முடியுமா? அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணி, நீங்க இதுல தலையிடாதீங்க. பையன் அங்க எவ்ளோ பேஜார்ல கீறான் தெரியுமா? நீங்க பாட்டுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஜல்தியா பிளேன் ஏறிடுங்க. ராணி மாதிரி பார்த்துக்குவான்."

என் வீட்டில் நான் தலையிடாமல் வேறு யார் தலையிடுவது என்று கேட்டேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொம்பளைக்கு எதுக்கு அண்ணி தனியா வருமானம், அதான் புள்ளை கீறானே" என்றார்.

மணியக்கார வேலை பார்த்த அவருடைய மாமனார் செத்தபிறகு, அவருடைய மாமியார் மருமகளிடம் வெற்றிலைக்குக் கை நீட்டியதை நீயும் பார்த்திருக்கிறாய். நான் அதைச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவருக்கே நினைவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்குள் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே மண்டிக்கு வந்து எல்லார் முன்னாலும் பேசுவேன் என்றேன். திங்கட்கிழமையே கொடுத்துவிட்டார். அதற்குமேல் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, பேசுவார். அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

சட்டம் புரியவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்காக விழுப்புரம் போய்வந்தேன். ஜங்ஷன் பக்கத்தில் வெங்கடாசலம் என்று ஓர் ஆடிட்டர் இருக்கிறார். சின்ன வயதுதான், மேஜை நிறையக் காகிதம். முழு விவரத்தையும் சொன்னேன். வாடகை எவ்வளவு, குத்தகை எவ்வளவு, பென்ஷன் எவ்வளவு, அமெரிக்காவில் எத்தனை மாதம் இருந்தேன் என்று எல்லாம். அவர் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்.

"இங்க உங்களுக்கு ஒரு பைசா வரி கிடையாதும்மா. நிலத்துல வர்றதுக்கு வரியே இல்ல. மத்த ரெண்டையும் கூட்டுனாலும் வரம்புக்குள்ள அடங்கிப் போவுது. நீங்க நிம்மதியா ஊட்டுக்குப் போங்க."

அமெரிக்காவில் எப்படி என்று கேட்டேன்.

"அங்கயும் உங்க பேர்ல வரி வராதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா சொல்லணும். சொன்னா உங்க பையனுக்கு அந்தக் கழிவு போவும், அவ்ளோதான்." பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "இன்னாம்மா நீங்க. பனமலையில மல்லாட்டை எண்ணறதுக்கு அமெரிக்காவுலேர்ந்து எவன் வரப்போறான்?"

"யாரும் வர வேண்டாம். நான் எண்ணியாச்சு" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு தாளை எடுத்து, எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, ரப்பர் முத்திரை வைத்துக் கொடுத்தார். பீஸ் வாங்க மாட்டேன் என்றார். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

முருகையா, இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். இந்த நாட்டுக்கும் நான் வரி கட்ட வேண்டியதில்லை, அந்த நாட்டுக்கும் வேண்டியதில்லை. நான் யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லாதவள். அப்படி இருக்கிற என்னை எதற்காக மறைக்க வேண்டும்? ஒரு பையன் பரீட்சை எழுதித் தேறிவிட்டான் என்று வைத்துக்கொள். அவன் பள்ளிக்கே வரவில்லை என்று எழுதினால் வேறொரு பையனுக்கு ஏதோ சலுகை கிடைக்கும். அதற்காக முதல் பையனின் பரீட்சைத் தாளைக் கிழிப்பாயா? அவன் எழுதியது எழுதியதுதானே.

உன் கணக்கருக்கு ஆடிட்டர் தாள் மட்டும் போதுமோ என்னமோ என்று, வருமானச் சான்று வாங்க நம் கிராம அதிகாரியிடம் போனேன். சீனுவாசன் என்று பெயர். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும்போது எட்டில் எப்போதும் தடுக்குவான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே எழுதி முத்திரையும் குத்தி நீட்டினான். வாசித்துப் பார்த்தேன். "மேற்படியார் விதவை. சொந்த வருமானம் ஏதுமில்லை. மகன் பராமரிப்பில் வாழ்ந்து வருகிறார்."

இது என்னப்பா என்றேன்.

"எல்லா விதவைங்களுக்கும் இப்படித்தான் டீச்சர் எழுதறது. உதவியாத்தான் எழுதினேன்."

எனக்கு பென்ஷன் வருவது உனக்குத் தெரியாதா என்றேன். தெரியும் என்றான். வாடகை வருவது? அதுவும் தெரியும். அப்புறம் ஏன்?

தலையைச் சொறிந்தான். "ஊர்ல அல்லாரும் வருமானத்தைக் குறைச்சுக் காட்டச் சொல்லித்தான் டீச்சர் வர்றாங்க. பத்து ஏக்கர் நஞ்சை வச்சிக்கினு இருக்கறவரு சோத்துக்கே வழியில்லன்னு எழுதச் சொல்றாரு. இத்தினி வருஷ சர்வீசுல, சேர்த்துக் காட்டுன்னு சொல்லி வந்தவங்க நீங்க ஒரு ஆளுதான்."

அடித்துத் திருத்தப் போனான். திருத்தாதே, புதுத் தாளில் முதலிலிருந்து எழுது என்றேன். எழுதினான். தொழில் என்ற இடத்தில் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்றேன். அதை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறான்.

இரண்டு தாளும் இதோடு இணைத்திருக்கிறேன். அந்த ஆங்கிலத் தாளையும் திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறியை ரப்பரால் அழித்துவிட்டேன், மற்றபடி கசங்காமல் இருக்கிறது.

பொன்னிக்கு வேலை கிடைத்ததா? கிடைத்தால் அவள் பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறக்கச் சொல்லு. மாமியார் சொன்னதாகச் சொல்லு.

நலம் பெருகட்டும்.

அம்மா


திண்டிவனம்,
2.4.1987

அன்பு முருகையா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. இந்த முறை நீளமாக எழுதியிருந்தாய். இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை வேண்டாம் என்று மடித்து வைத்துவிட்டேன். பதினைந்தாம் தேதிக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று உடனே பதில் எழுதுகிறேன்.

போன வருஷப் படிவத்தையும் திருத்த வேண்டி வரும், வட்டியோடு கட்ட வேண்டும், கணக்கர் முன்னால் நான் உன்னைத் திருடனாக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னைத் திருடன் என்று நினைக்கவில்லை. என்னை மறந்தவன் என்றுதான் நினைக்கிறேன். மறந்ததை நினைவுபடுத்துவது என் தொழில். முப்பத்து நான்கு வருஷம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

சில நூறு டாலர் உனக்குப் பெரிய தொகை என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். குளிர் காலத்தில் ஹீட்டரைக் குறைத்துவைத்துவிட்டு நீ ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதனால் ஒன்று செய். உன் வீட்டில் என் அறை அலமாரியின் மேல் தட்டில், துணிக்கு அடியில், சிவப்புத் துணியில் சுற்றிய இரண்டு வளையல் இருக்கிறது. பொன்னிக்கென்று விட்டுவந்தேன், சொல்ல நேரமில்லை. அது உன் அப்பா வாங்கித் தந்தது இல்லை. அந்தத் தலைமையாசிரியர் நிறுத்திவைத்த இன்கிரிமென்ட் பிறகு மொத்தமாக வந்ததே, அதோடு என் சேமிப்பையும் சேர்த்து வாங்கினேன். விற்று, போன வருஷ பாக்கியையும் இந்த வருஷம் போகும் கழிவையும் கட்டிவிடு. மீதி இருந்தால் பொன்னிக்கு. இதில் உனக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. இந்தச் செலவு என்னுடையது.

அதற்குப் பிறகும் என் வருமானத்தை எழுத மாட்டேன் என்றால், அதற்குக் காரணம் பணம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோகும்.

கடைசியில் எழுதியிருந்தாயே, "வந்தால் நான் சொல்கிறபடி வா, இல்லாவிட்டால் உன் வருமானத்தோடு அங்கேயே இரு" என்று. சரி, இருக்கிறேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வீரம்மாள் கொடுத்த மல்லாட்டையில் பாதியை எண்ணெய்க்கு ஆட்டிவிட்டேன். மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வைக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். இருதயமேரிக்கு அடுத்த வருஷமும் வாடகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் கையெழுத்துப் போடுவதற்குமுன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "டீச்சர், நான் படிக்காம போட மாட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள். தப்பாக நினைப்பதா? எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நேற்று கஜானாவில் மஸ்டரிங் ஆரம்பித்தார்கள். உனக்குத் தெரிந்திருக்காது. பென்ஷன் வாங்குகிற எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர வேண்டும். அங்கே இருந்த இரண்டு வருஷமும் தூதரகத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, நான் இருக்கிறேன் என்று தபாலில் அனுப்பினாரே, அந்த வேலை. இந்த வருஷம் நானே போனேன். வெயில் ஏறுவதற்குமுன் போயும் எனக்கு முன்னால் பெரிய வரிசை. தடியூன்றி வந்தவர்கள், பேரன் தோளைப் பிடித்து வந்தவர்கள், கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஒரு தாசில்தார். ஜனவரியில் பார்த்த அதே குமாஸ்தா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். சிலருக்குக் காது கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் இடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தார்.

"கி. தையல்நாயகி" என்றார்.

என் வகுப்பில் தினமும் காலையில் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று சொன்னது என் வாயில் தானாக வந்துவிட்டது. "உள்ளேன் ஐயா." வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பின்னால் நின்றவர் நடராசன் வாத்தியார், நீ ஹைஸ்கூலில் அவரிடம் படித்தாய். "டீச்சரு மேல போனாலும் ஆஜர் சொல்லுவாங்க போலிருக்குதே" என்றார். ஆனால் அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவரும் அதையே சொன்னார். அடுத்தவரும் சொன்னார். குமாஸ்தாவுக்கு வேலை ஓடவில்லை, ஒவ்வொரு பெயருக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். பள்ளியில் சேர்த்த முதல்நாள், என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாய். உன் பெயரை வாசித்தேன். "உள்ளேன் அம்மா" என்று எல்லாப் பிள்ளைகளும் டீச்சருக்குச் சொல்வதைத்தான் நீயும் சொன்னாய். ஆனால் நீ மட்டும் பெஞ்சிலிருந்து இறங்கி ஓடிவந்து, நான் குறித்துவிட்டேனா என்று பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாய்.

என் திரும்பும் டிக்கெட் டிசம்பர் வரைக்கும் செல்லும். இரும்புப் பெட்டியில் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பொன்னியின் குளிர்கோட்டை வெயிலில் காயவைத்து, நாப்தலின் உருண்டை போட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

படிவத்தை நிரப்பும்போது என் பெயருக்கு எதிரில் உள்ளதை உள்ளபடி எழுது. எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. எட்டிப் பார்க்க வேண்டும்.

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் அப்பா.

உள்ளேன்,
அம்மா